குடிக்கும் சுதந்திரம் யாருக்கு?

(ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)



"என் உழைப்பு, என் கூலி, நான் குடிக்கிறேன். கேட்க நீங்கள் யார்?" என்று சென்ற வாரம் ஒரு தோழர் நம்மைக் கேட்டார். கோபப்படுவதற்கில்லை. மேஸ்திரியின் அதட்டலுக்குப் பணியாதே என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்தவர்களே நாம்தானே! ஆனால், அதே வயலில் நாற்று நட்ட அவர் மனைவியின் கூலியும் சேர்ந்தல்லவா கடைக்குப் போகிறது? அந்த அம்மாளின் சுதந்திரம் எங்கே?

சட்டம் போட்டு நிறுத்திவிடலாம் என்பார்கள். போட்டுத்தான் பார்த்தார்கள். 1937 அக்டோபரில் ராஜாஜி மந்திரி சபை சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைக் கொண்டு வந்தது. போன வருமானத்தை ஈடுகட்ட 1939ல் விற்பனை வரி வந்தது. 1948ல் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு. 1971ல் கடைகளைத் திறந்தார்கள், 1974ல் மூடினார்கள், பிறகு மறுபடி திறந்தார்கள். 2003 முதல் சர்க்காரே சில்லரைக் கடை நடத்துகிறது. சாராய வருமானம் திரும்பி வந்துவிட்டது, ஈடுகட்ட வந்த வரியோ பெயரை மாற்றிக்கொண்டு நிற்கிறது. இரண்டையும் கட்டுகிறவன் நம் ஆள்தான்!

மதுவிலக்குக் காலத்தில் பணம் படைத்தவன் பெர்மிட் வாங்கி வீட்டுக்குள் குடித்தான். ஓடைக்கரையில் ஊறல் போட்ட ஏழை ஜெயிலுக்குப் போனான். கள்ளச்சாராயத்துக்கு என்றும் தடை உண்டு. ஆனாலும் 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கு மேற்பட்டோரைக் கொன்றது. அவர்களில் பெரும்பாலோர் அன்றாடங்காய்ச்சிகள்.

பிறகு, உபதேசம். பன்னிரண்டு மணி நேரம் மூட்டை தூக்க வைத்த காண்டிராக்டர் 'குடிக்காதே அப்பா' என்றால் எவன் காதில் ஏறும்? உடம்பு வலி தாங்காமல் குடிக்கிறேன் என்பவனிடம் வேலை நேரத்தைப் பற்றியும் பேச வேண்டும்.

ஆகவே நாம் கேட்பது இது. சட்டம் குடிப்பவனை அல்ல, விற்று லாபம் அடிப்பவனைப் பிடிக்கட்டும். ஒரு ஊரில் கடை வேண்டாமென்று அவ்வூர்ப் பெண்கள் கிராம சபையில் சொன்னால் அந்தச் சொல் செல்ல வேண்டும்.

ஒழுக்கத்தைச் சங்கத்துக்குள் நாமே கற்க வேண்டும். கடை வாசலில் நின்று சந்தா வசூலித்த தோழர்களும் நம்மில் உண்டு. அதை மறைத்துப் பேசுவது யோக்கியமல்ல. குடித்துவிட்டு வீட்டில் கை நீட்டியவர் நிர்வாகக் கமிட்டியில் இருக்கலாமா? வருகிற சனிக்கிழமை, கூலி நாளன்று, இதைப் பற்றிப் பேசி முடிவெடுப்போம். வீட்டுப் பெண்களையும் அழைத்து வாருங்கள். முதலில் அவர்கள் பேசட்டும்.