தோணிகள் திரும்பிய பிறகு

பட்டம் பெறும் பிள்ளைகளே,

ஆண்டவரின் இரக்கத்தை நம்புங்கள் என்று பனிமய மாதாவின் ஊரான தூத்துக்குடியில் யாருக்கும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் நம்பிப் புறப்பட்டவர்களின் தோணி திரும்பி வந்த கதையையும் நீங்கள் தெரிந்துகொண்டு போக வேண்டும்.

1544 ஜூன். புனித சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்து இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை. வடக்கிலிருந்து வந்த வடுகர் படை குமரிமுனைக் கரையைச் சூறையாடியது. தப்பிய கிறிஸ்தவர்கள் கடலுக்குள் இருக்கும் பாறைகளில் ஏறி ஒளிந்தார்கள். அங்கே சோறும் இல்லை, தண்ணீரும் இல்லை. செய்தி எட்டியதும் சவேரியார் மணப்பாட்டிலிருந்து 20 தோணிகளோடு கிளம்பினார்.

போய்ச் சேரவில்லை. எதிர்க்காற்று. துடுப்புப் போட்டும் கயிறு கட்டி இழுத்தும் தோணிகள் குமரியை எட்டவில்லை. மாதக் கடைசியில் மணப்பாட்டில் இருந்தபடியே, காற்று தணிந்ததும் மறுபடி போவதாகச் சக ஊழியர் மன்சிலாசுக்கு எழுதுகிறார். பின்னர் தரைவழியாகவே போனார். நடக்கமுடியாத முதியவர்களையும், இறந்துபோனவர்களையும், வழியிலேயே பிள்ளை பெற்ற பெண்களையும் அவர் கண்டார்.

காற்று சாதகமாக அடித்தால் ஆண்டவர் இரங்கினார், எதிராக அடித்தால் கைவிட்டார் என்று நாம் கணக்குப் போடுகிறோம். அந்தக் கணக்கு தவறு என்று உறுதியாகச் சொல்கிறேன். அந்தப் பாறைகளில் பசித்துக் கிடந்தவர்கள் நம்மைவிடக் குறைவாக ஜெபித்தவர்களா? அவர்களுக்கு வந்த இரக்கம், தோணி திரும்பிய பிறகும் சவேரியார் அவர்களைத் தேடிப் போனாரே, அதுதான்.

அப்படித் தேடி வந்த இன்னொருவரும் உண்டு. சவேரியாருக்குப் பின் 1546இல் இந்தியாவுக்கு வந்த அண்டிரிக் அடிகளார் 1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ என்ற தமிழ் நூலை அச்சிட்டதைப் பாடத்தில் படித்திருப்பீர்கள். அவர் 1600இல் இறக்கும்வரை, ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக, இந்தக் கடற்கரை மக்களுக்காகவே உழைத்தார் என்பதுதான் எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிகிறது. இடையில் சிறைப்பட்டார். விடுபட்டதும் மறுபடி இவர்களிடமே வந்தார். கடவுள் வாக்கு மாறாதவர் என்பதை அவரால் அப்படி வாழ்ந்து காட்ட முடிந்தது.

உங்களில் சிலருக்கு வேலை உத்தரவு வந்துவிட்டது. துறைமுகத்துக்கோ, சென்னைக்கோ, வளைகுடாவுக்கோ போவீர்கள். வாழ்த்துகள். எதுவும் வராதவர்களே, உங்களுக்காகத்தான் இந்தக் கதையைத் தேர்ந்தெடுத்தேன். உங்கள் விண்ணப்பங்கள் திரும்பி வந்ததால் ஆண்டவர் உங்களை விட்டுப் போய்விடவில்லை. மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஊரைவிட்டுக் கிளம்பும் முன், வேலை கிடைக்காத வகுப்புத் தோழர் ஒருவரின் வீட்டுக்குப் போங்கள். அவர் வெளியே வந்து பேசாவிட்டால் இன்னொரு நாளும் போங்கள்.