கைப்பையும் கைத்தொழிலும்

(மகளிர் சுய உதவிக் குழுவினரிடையே வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



சென்ற மாதம் நமது குழுத் தலைவி ஒருவர் அரியலூரிலிருந்து பெரம்பலூருக்குப் பேருந்தில் வருகையில், அவரது கைப்பையின் தோள்வார் அறுந்துவிட்டது. உள்ளே இருந்தவை குழுவின் பதிவேடுகளும், வங்கியில் செலுத்த வேண்டிய தவணைப் பணமும். பை வாங்கிய கடையிலோ, "பழுது பார்ப்பதில்லை, புதிது வாங்குங்கள்" என்று கூறிவிட்டனர். பலரை விசாரித்த பின்னரே, வேப்பமரத்தடியில் செருப்புத் தைக்கும் பெரியவர் ஒருவரை அவர் கண்டார்.

"வார் நன்றாயிருக்கிறது அம்மா, அது பிடித்திருந்த இடந்தான் கிழிந்திருக்கிறது" என்றார் பெரியவர். உட்புறம் ஒரு தோல் துண்டை ஒட்டுக் கொடுத்து, குத்தூசியால் துளையிட்டு, மெழுகிட்ட நூலால் தைத்து, அரை மணியில் தந்துவிட்டார்.

இதில் நாம் அறிய வேண்டியவை சில உண்டு. ஜிப் மூடாவிடில் பெரும்பாலும் தேய்ந்திருப்பது ரன்னரே. பற்கள் நன்றாயிருப்பின் ரன்னரை மாற்றினாற் போதும். தோல் பை பலமுறை தையல் தாங்கும். ரெக்சின் மேற்பூச்சு உரிந்துவிட்டாலோ, அதனை மீண்டும் ஒட்டவைத்தல் அரிது. ஆகவே வாங்கும்போதே வார் பொருந்தும் இடத்தின் தையலைப் பார்த்து வாங்குவது நலம்.

பெரம்பலூர் மாவட்டம் எறையூரில் 2022-ல் காலணிப் பூங்காவிற்கும், அரியலூர் மாவட்டம் ஜெயங்கொண்டத்தில் 2024-ல் காலணித் தொழிற்சாலைக்கும் அடிக்கல் நாட்டப்பட்டன. மகிழ்ச்சியே. ஆயினும், ஆலை செய்வது புதுப்பொருள். பழையதற்கு உயிர் கொடுப்பவர் மரத்தடியில் அமர்ந்திருப்பவரே. மழை வந்தால் அவருக்கு அன்று வேலையுமில்லை, கூலியுமில்லை.

மற்றொன்றும் கூறுவோம். 1950-ல் நடைமுறைக்கு வந்த நமது அரசியலமைப்பு, தீண்டாமையை ஒழித்தது. எனினும், வேலையை வாங்கிக்கொண்டு கூலியைத் தரையில் வைத்துச் செல்லும் வழக்கம் நம்மிடையே முற்றும் நீங்கிற்றா என்று அவரவர் நெஞ்சைக் கேட்டுக்கொள்ள வேண்டும். மதிப்பில்லாத தொழிலை எந்த மகன் கற்பான்? எந்தத் தந்தைதான் கற்பிக்க விரும்புவான்?

ஆகவே, ஊராட்சி மன்றத்தினர் சந்தைத் திடலிலோ பேருந்து நிறுத்தத்திலோ இத்தொழிலாளருக்குக் கூரையுள்ள ஓரிடம் ஒதுக்க முன்வர வேண்டும். தொழிற்கடன் வேண்டுவோர் மாவட்டத் தொழில் மையத்தை அணுகுதல் நலம். மனு எழுத நாம் துணை நிற்போம். நீங்களோ, பையை எறியுமுன் அதனை அவரிடம் காட்டுங்கள். கூலியை அவர் கையிற் கொடுங்கள்.