வலிக்காத கால்



வங்கியில நகை அடகு வைக்க வந்த பழவேற்காட்டு அக்கா, செருப்பை வாசல்லயே விட்டுட்டாங்க. (அப்படிப் பழக்கியிருக்காங்க.) தரையில் ரத்தத் தடம். "கால்ல என்னக்கா?" என்றேன். குனிந்து பார்த்துத்தான் அவருக்கே தெரிந்தது.

ஏரியில் 'பாடு' மரபுரிமை பட்டினவருடையது. அது இல்லாதவர்களில் பலர் சேற்றில் தடவி இறால் பிடிக்கிறார்கள். சிப்பி கிழிக்கும், கெளுத்தி முள் குத்தும். வலிக்கிற காலுக்கு மஞ்சப் பத்தாவது போடுவோம். வலிக்காத கால்? சர்க்கரை நோயும் தொழுநோயும் உணர்வைப் பறிக்கும். காயம் தெரியாமலே அழுகும். வேலூரில் பால் பிராண்ட் 1950களில் இதைக் கண்டுதான் மெத்தென்ற ரப்பர் செருப்பு செய்வித்தார்.

ஊருக்குள் போகும் தோழர்கள் முதலில் பாதத்தைப் பாருங்கள். மதமதப்பா இருந்தா, புண் ஆறலேன்னா ஆரம்ப சுகாதார நிலையம். கறுத்தாலோ, நாறினாலோ, காய்ச்சல் வந்தாலோ அன்னைக்கே ஸ்டான்லி. ஒருநாள் இறால் போனாப் போகட்டும்.