தாய்மையும் இரத்தக் குழாய்களும்



பெரம்பலூர் மாவட்டத்துக் குன்னத்தைச் சுற்றிலும் கரிசல் நிலம். பருத்தியும் மக்காச்சோளமும் விளையும். அவ்வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றில் வாழும் என் தமக்கையாருக்கு 38-ஆம் வயதில் ஒரு நண்பகலில் வலக்கையும் நாவும் வழங்காமற் போயின. பருத்தி எடுத்துக்கொண்டிருந்தவர், மடியிற் கட்டிய பருத்தியோடு வரப்பில் சாய்ந்துவிட்டார். மூளையில் ஓர் இரத்தக் குழாய் வெடித்துவிட்டது என்றார் மருத்துவர். "இவருக்கு முன்பே இரத்த அழுத்தம் இருந்ததா?" என்று வினவினார். எங்களில் ஒருவருக்கும் விடை தெரியவில்லை. விடையோ வீட்டுத் தகரப் பெட்டிக்குள் பன்னிரண்டு ஆண்டுகளாகக் கிடந்தது.

இரத்தக் கொதிப்பு என்று ஊரில் வழங்குவதால், கோபக்காரருக்கே அது வரும் என்று பலர் எண்ணுகின்றனர். இரத்தம் கொதிப்பதில்லை, குழாயின் சுவரை அழுத்துகிறது, அவ்வளவே. ஸ்டீபன் ஹேல்ஸ் என்னும் ஆங்கிலப் பாதிரியார் குதிரையொன்றின் தமனியில் கண்ணாடிக் குழாயைப் பொருத்தியபோது, இரத்தம் எட்டடிக்கு மேல் ஏறி நின்றது. 1733-இல் வெளியிட்ட நூலில் இதனை அவர் விவரித்துள்ளார்.

ஆனால், நம் இரத்தக் குழாய் கண்ணாடிக் குழாய் போன்றதன்று. அது உயிருள்ள குழாய். அதன் உட்புறத்தை ஒற்றை உயிரணுப் படலம் ஒன்று போர்த்தியிருக்கிறது. அமெரிக்க அறிஞர் ராபர்ட் பர்ச்காட், முயலின் தமனித் துண்டுகளை வைத்து ஆராய்ந்து, அப்படலம் தேய்ந்துபோன துண்டுகள் மருந்திட்டும் தளரவில்லை என்று 1980-இல் காட்டினார். குழாயைத் தளர்த்தும் பொருளைச் சுரப்பது அப்படலமே. அப்பொருள் நைட்ரிக் ஆக்சைடு என்னும் வாயு! இந்த ஆராய்ச்சிக்காக அவருக்கும் வேறு இருவருக்கும் 1998-இல் நோபல் பரிசு கிடைத்தது. பெண்மைக்குரிய ஈஸ்ட்ரோஜன் அச்சுரப்பைத் தூண்டுகிறது. ஆகவே இளம்பெண்களுக்கு இரத்த அழுத்தம் வாராது என்று நம்பியிருந்துவிடுகிறோம். 2020-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று, முப்பத்திரண்டாயிரத்துக்கு மேற்பட்டோரின் அளவுகளை ஒப்பிட்டு, இருபது வயதுக்குப்பின் அழுத்தம் ஏறும் வேகம் பெண்களிடமே மிகுதி என்று கண்டது.

இக்குழாய்களுக்கு இயற்கை வைக்கும் பெருந்தேர்வு கர்ப்ப காலம். அப்போது தாயின் இரத்த அளவு ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிறது. அழுத்தம் உயர வேண்டுமே! உயர்வதில்லை, நடு மாதங்களில் சிறிது குறையவும் செய்கிறது. குழாய்கள் அத்துணை தளர்ந்து இடம் கொடுக்கின்றன. சிலருக்கு மட்டும், நஞ்சுக்கொடி கருப்பையில் செவ்வனே வேரூன்றாமல், உட்படலத்தைக் கெடுக்கும் பொருள்களைத் தாயின் இரத்தத்தில் கலக்கிறது. குழாய்கள் இறுகுகின்றன. இருபது வாரத்துக்குப்பின் அழுத்தம் 140/90-ஐத் தொடுகிறது. சிறுநீரில் புரதம் வெளியேறுகிறது. காலும் முகமும் வீங்கினால், பிள்ளைத்தாய்ச்சிக்கு இயல்புதான் என்று வீட்டார் இருந்துவிடுவதுண்டு.

பேற்றுக்குப்பின் அழுத்தம் பெரும்பாலும் இறங்கிவிடும். குழந்தை நலம், தாய் நலம் என்று எல்லோரும் மறந்துவிடுவர். குழாய்கள் மறப்பதில்லை. அத்தகைய தாய்மாருக்குப் பிற்காலத்தில் மாரடைப்பும் பக்கவாதமும் வரும் வாய்ப்பு மற்றவரைப்போல் ஏறத்தாழ இருமடங்கு. நோவோ தலைசுற்றலோ இன்றி அழுத்தம் ஏறிக்கொண்டிருக்கும். கருவி வைத்து அளந்தாலன்றித் தெரியாது.

தமக்கையார் மருத்துவமனையில் இருந்த நாளில் தகரப் பெட்டியைத் திறந்தேன். ரேஷன் அட்டைக்கு அடியில் பழைய கர்ப்பகால அட்டை இருந்தது. எட்டாம் மாதத்துக்கு நேரே 150/100 என்று நீல மையில் எழுதியிருந்தது. பிள்ளை பெற்றபின் ஆண்டுக்கொரு முறை அளந்து பார்க்குமாறு எவரும் அவருக்குச் சொல்லவில்லை. நானும் படித்தவன்தான், கேட்கவில்லை.

தமக்கையார் இப்போது கோலூன்றி நடக்கிறார். பேச்சு பாதி திரும்பியிருக்கிறது. 2021 ஆகஸ்டு 5-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் பணியாளர், ஒரு பெண்மணி, வீட்டுக்கே வந்து அவருக்கு அழுத்தம் பார்க்கிறார். அன்று வயிற்றிலிருந்த மகளுக்கு இப்போது தலைச்சூல், ஐந்தாம் மாதம். தாய்க்கு இருந்தது மகளுக்கும் வரக்கூடும். ஆதலால், முதன்முறை மருத்துவரிடம் சென்றபோதே அவள் தாயின் அட்டையைக் காட்டினாள். அவர் அதனைப் படித்துப் பார்த்து, சிறிய அளவில் ஆஸ்பிரின் எழுதிக் கொடுத்தார். அடுத்தடுத்து வரவும் சொன்னார். சென்ற வாரம் அளந்தது 116/74. அதனைத் தன் அட்டையில் மட்டுமன்றி, தாயின் அட்டையின் ஓரத்திலும் பென்சிலால் குறித்து வைத்திருக்கிறாள்.