பல்லவிக்குத் திரும்புதல்



மார்கழி மாலைகளில் மயிலாப்பூரின் சபாக்களில் நிரவல் ஒலிக்கிறது. சற்றுத் தொலைவில், சாந்தோம் பேராலயத்தில், கிறிஸ்துமஸ் பாடல்கள் ஒலிக்கின்றன. முன்னதில் பாடகர் அக்கணத்திலேயே இசையைப் படைக்கிறார். பின்னதில் முன்பே அமைந்த இசையை மக்கள் கூடிப் பாடுகின்றனர். இவ்விரண்டும் ஒரே பாட்டில் இணைய இயலுமா என்பதே என் வினா.

அமெரிக்க ஜாஸ் கலைஞர்கள் இதற்கு விடை தேடினர். ட்யூக் எலிங்டன் 1965இல் சான் பிரான்சிஸ்கோவின் கிரேஸ் பேராலயத்தில் தம் திருவிசை நிகழ்ச்சியை நடத்தினார். மேரி லூ வில்லியம்ஸின் திருப்பலி இசை 1975இல் நியூயார்க்கின் புனித பேட்ரிக் பேராலயத்தில் ஒலித்தது. ஜாஸில், இணைந்தொலிக்கும் சுரங்களின் தொடரொன்று மீண்டும் மீண்டும் சுழல, அதன்மேல் கலைஞர் தம் கற்பனையை விரிப்பார். தாள ஆவர்த்தனத்தின்மேல் நிரவல் செய்து எடுப்புக்குத் திரும்பும் நம் பாடகருக்கு இது அந்நியமன்று.

நம் மண்ணிலும் இதற்கு வித்து உண்டு. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) கிறித்தவ வழிபாட்டிற்குக் கீர்த்தனை வடிவைக் கொணர்ந்தார். குறவஞ்சியைப் பெத்லகேமுக்கு அழைத்துச் சென்றார். எனினும் அனைவரும் சேர்ந்து பாட மெட்டு நிலைபெற்றாக வேண்டும். ஆதலின் ஆலயத்தில் மனோதர்மத்திற்கு இடம் சுருங்கியது.

அவ்விடத்தை மீட்கலாம். ஆனால் தேர்ந்த பாடகர் ஒருவரே விரித்துப் பாடினால், வழிபடுவோர் வெறும் கேட்போராகிவிட மாட்டார்களா? மதுரைத் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றி 2005இல் மறைந்த தியோபிலஸ் அப்பாவு, கர்நாடக இசையில் சாதி மேன்மையின் சாயலைக் கண்டு, நாட்டுப்புற இசையைத் தேர்ந்தார். அதில் பாடுவோர் பாட்டைத் தம் வாழ்வுக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். படைக்கும் உரிமை பாடுவோர் அனைவருக்கும் உரியது.

நிரவலை நேசிக்கும் நான் இக்கண்டனத்தைத் தள்ளிவிட இயலவில்லை. புதிய திருப்பாடலில் பல்லவி எல்லோருக்கும் உரியதாக, எளியதாக, மாறாததாக இருக்கட்டும். சரணத்தில் ஓரடி திறந்திருக்கட்டும். அதை இன்று வித்துவான் விரிக்கட்டும். நாளை மீன் விற்கும் தாய் தம் சொல்லால் விரிக்கட்டும். இருவரும் பல்லவிக்குத் திரும்புகையில் அனைவரும் அவர்களோடு இணையட்டும்.

கவிஞர்களே, அந்தத் திறந்த அடியை எழுத வேண்டியவர்கள் நீங்கள். அடைமொழிகள் நெருக்கும் அடியில் மூச்சுவிட இடமிராது. பத்து முறை பாடினாலும் பத்துப் பொருள் தரும் எளிய ஓரடியைத் தாருங்கள். அதில் பிறர் குரலுக்கும் இடம் விடுங்கள்.