உமிழ்நீர் வற்றினால்

பற்களுக்கு முதற் காவல் வாயில் ஓயாது ஊறும் உமிழ்நீரே ஆகும். சர்க்கரையை உண்டு கிருமிகள் உண்டாக்கும் அமிலத்தை அது தணிக்கின்றது. அமிலத்தால் தேய்ந்த எனாமலுக்குக் கல்சியத்தை மீண்டும் ஊட்டுகின்றது.

இலங்கையில் 'ஐஸ்' என வழங்கும் மெத்தம்பெட்டமின் என்னும் ஊக்கப் போதைப்பொருள் இக்காவலைக் குலைக்கின்றது. வாய் வரள்கின்றது. தாகத்துக்கு இனிப்புப் பானமே நாடப்படுகின்றது. தாடை இறுகிப் பற்கள் ஒன்றோடொன்று அரைபடுகின்றன. உறக்கமற்ற இரவுகளில் பல் துலக்கும் நினைவே எழுவதில்லை. கேடு இந்நான்கும் கூடியே விளைகின்றது.

லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் இப்பழக்கமுடைய 571 பேரைச் சோதித்து 2015ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, நூற்றுக்கு 96 பேரிடம் பற்சூத்தையைக் கண்டது. நூற்றுக்கு 31 பேர் ஆறு பற்களையேனும் இழந்திருந்தனர்.

வெட்கத்தால் பலர் பல் வைத்தியரை நாடுவதில்லை; நாடுவோரும் பழக்கத்தை மறைக்கின்றனர். மறைப்பது ஆபத்து. அட்ரினலின் கலந்த விறைப்பூசி, உடலில் எஞ்சிய போதைப்பொருளோடு சேர்ந்து இருதயத்தைத் தாக்கக்கூடும்.

விழுந்த பல் மீண்டும் முளைக்காது. ஆயினும் குழி விழுமுன் பழக்கத்தை விட்டுச் சிகிச்சை பெற்றால், தொடக்கச் சிதைவைத் தடுத்தல் கூடும். ஆகவே, இத்தகையோர் வீட்டில் இருப்பின், ஏசி ஒதுக்காது வைத்தியரிடம் அழைத்துச் செல்வதே உற்றார் கடமையாகும்.