திரையில் சிவப்பு விழுந்தால் தலைகுனிய வேண்டாம்

(தோட்டத் தலைவர், தலைவிமாருக்கான கல்விச் செயலமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கொஞ்ச நாளைக்கு முன்னால் அரைப்பேர் பிரச்சினை ஒன்றுக்காக ஒரு தோட்டத்துக்குப் பேச்சுவார்த்தைக்குப் போயிருந்தேன். எந்தத் தோட்டம் என்பது இங்கே வேண்டாம். முன்பெல்லாம் பேச்சு என்றால் துரை செக்ரோல் புத்தகத்தைத் திறப்பார், நாங்களும் எட்டிப் பார்ப்போம். அன்றைக்குப் புத்தகம் வரவில்லை. சுவரில் ஒரு திரை. அதில் வாகனத்தின் வேகமானி போல ஒரு வட்டம். முள் சிவப்புப் பக்கம் நிற்கிறது. பக்கத்தில் பெரிய எழுத்தில் 16. "ஆளுக்கு 16 கிலோ. இலக்கு 18. நீங்களே பாருங்கள்" என்றார்.

எங்கள் தலைவி பிரட்டுக்களத்தில் யாருக்கும் பயப்படாதவர். அந்தச் சிவப்பைக் கண்டதும் பேசாமல் உட்கார்ந்துவிட்டார். எனக்கும் உடனே வாய் வரவில்லை. வெளியே வந்த பிறகுதான் அவர் கேட்டார்: "ஐயா, அந்த 16 எங்கேயிருந்து வந்தது?" உள்ளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. அதைக் கேட்கப் பழகத்தான் இன்றைக்குக் கூடியிருக்கிறோம்.

அந்தப் படத்துக்குக் கம்பனிக்காரர் சொல்லும் பெயர் கே.பி.ஐ. தமிழில் பிரதான செயலாற்றுகைக் குறிகாட்டி. பல குறிகாட்டிகளை ஒரே திரையில் வைத்தால் அது டாஷ்போட். பெயரைக் கேட்டு மலைக்க வேண்டாம். மைக்ரோசொப்ட் கம்பனியின் பவர் பீஐ என்ற மென்பொருளைப் பல அலுவலகங்களில் பாவிக்கிறார்கள். அதில் கே.பி.ஐ. படம் ஒன்றைப் போட மூன்று விஷயம் கொடுக்க வேண்டும்: இன்றைய எண், எட்ட வேண்டிய இலக்கு, நாள் அல்லது மாதக் கணக்கு. இவற்றைக் கொடுத்தால் நிறத்தைக் கணினி போட்டுவிடும். கூடினால் நல்லதா, குறைந்தால் நல்லதா என்பதைக்கூட ஓர் ஆள்தான் அதற்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். ஆகவே சிவப்பு என்பது வானத்திலிருந்து விழுந்த தீர்ப்பு அல்ல. யாரோ ஒருவர் இலக்கம் அடித்ததால் வந்த நிறம்.

அதனால் திரையைக் கண்டதும் நான்கு கேள்வி கேளுங்கள்.

முதலாவது, எண் எப்படி வந்தது? அந்த 16ஐயே எடுத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு மூன்று நிறுவை. ஒவ்வொரு நிறுவைக்கும் கூடைக்கும் ஈரத்துக்கும் என்று ஒரு கிலோ கழிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 19 கிலோ பறித்தவர் கணக்கில் 16 ஆகிவிடுவார். தராசில் நின்றது பச்சை, திரைக்கு வந்தது சிவப்பு. கழிவுக்கு முந்திய எண்ணா, பிந்தியதா என்று கேளுங்கள்.

இதோடு சராசரியையும் பாருங்கள். பத்துப் பேர் உள்ள ஒரு மலை. ஐந்து பேர் 22 கிலோ, ஐந்து பேர் 14 கிலோ. சராசரி சரியாக 18. திரை பச்சை காட்டும், துரைக்குச் சந்தோஷம். ஆனால் ஐந்து வீட்டில் அரைப்பேர். சராசரி எண்ணை வைத்து அடுப்பு எரியாது.

இரண்டாவது, இலக்கை யார் வைத்தார்கள்? நாட்சம்பளத்தைச் சம்பள நிர்ணய சபை தீர்மானிக்கிறது. 2021 மார்ச்சில் 1000 ரூபாய் வந்தது அப்படித்தான். ஆனால் முழுப்பேருக்கு எத்தனை கிலோ என்ற சண்டை தோட்டத்திலேதான் நடக்கிறது. சம்பளம் கூடியும் கிலோ கூடினால் கையில் என்ன மிஞ்சும்? பேசி ஒப்புக்கொள்ளாத ஓர் இலக்கம் திரையில் ஏறிவிட்டால், நாலு மாதத்தில் அதுவே வழக்கமாகிவிடும். எங்களுக்கு உண்மையான ஆபத்து அதுதான். அது ஒப்புக்கொள்ளப்பட்ட இலக்கு அல்ல என்று அங்கேயே சொல்லுங்கள், கூட்டக் குறிப்பில் எழுதவும் வையுங்கள்.

மூன்றாவது, எதோடு ஒப்பிடுகிறார்கள்? அட்டன், டிக்கோயாப் பக்கம் வருடத் தொடக்கத்தில் பனியும் வரட்சியும். ஏப்ரல், மே மாதங்களில் கொழுந்து பொங்கும். பெப்ரவரிக்கும் மே மாதத்துக்கும் ஒரே 18 என்று கோடு கிழித்தால் பெப்ரவரி சிவக்கத்தான் செய்யும். போன வருடம் அதே மாதத்தைக் கேளுங்கள். கவ்வாத்து எப்போது வெட்டினது, உரம் போட்டதா, எத்தனை நாளைக்கு ஒரு முறை அந்த மலைக்கு அனுப்புகிறார்கள், காடு வளர்ந்து கிடக்கிறதா என்றும் கேளுங்கள். ஆளின் கை மட்டும் கொழுந்தை உண்டாக்குவதில்லை.

நான்காவது, படம் எங்கே தொடங்குகிறது? 18க்கு ஒரு தூண், 16க்கு ஒரு தூண். அடிக்கோடு பூச்சியத்தில் தொடங்கினால் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே உயரம், ஒன்பதில் ஒரு பங்குதான் குறைவு. அடிக்கோட்டை 15இல் வைத்தால்? ஒரு தூண் மூன்று பங்கு, மற்றது ஒரு பங்கு. இலக்கம் பொய் சொல்லவில்லை, படம் பொய் சொல்கிறது. தூணை விட்டு ஓரத்தில் எழுதியிருக்கும் இலக்கத்தை முதலில் வாசியுங்கள்.

தோழர்களே, நாங்கள் கணினிக்கு எதிரிகள் அல்ல. ஒழுங்காகப் போட்ட படம் எங்களுக்கும் நல்லது. புத்தகத்தில் ஒளிந்து கிடந்த கணக்கு சுவருக்கு வருகிறதே. ஆனால் கிலோ மட்டும் வந்தால் போதாது. கிலோ ஒன்றையே துரத்தினால் முற்றின இலையும் கூடைக்குள் வரும், தொழிற்சாலையில் தேயிலைத் தரம் இறங்கும். அதில் கம்பனிக்கும் நட்டம். ஆகவே கேளுங்கள்: மாதத்தில் எத்தனை நாள் வேலை கொடுத்தீர்கள்? எத்தனை அரைப்பேர் விழுந்தது? எத்தனை பேருக்குக் குளவி கொட்டியது? சேமலாப நிதி எந்த மாதம் வரை கட்டியாயிற்று? குளவிக்கொட்டுக்கும் ஒரு வட்டம் போடட்டும். அதில் இலக்கு பூச்சியம். அங்கேயும் சிவப்பு விழுகிறதா என்று பார்ப்போம்.

கடைசியாக, வீட்டுக்குப் போய்ச் செய்ய வேண்டிய வேலை. மலைக்கு ஒருவராவது தினமும் நிறுவைக்கு நிறுவை கிலோவையும் கழிவையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். பிள்ளைகள் எழுத உதவுவார்கள். மாத முடிவில் சம்பளச் சீட்டோடு சேர்த்துப் பாருங்கள். மூன்று மாதம் சேர்ந்ததும் ஒரு டிமை தாளில் பெரிதாகத் தூண் வரைந்து கமிட்டிக் கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள், அடிக்கோடு பூச்சியத்தில்.

அடுத்த முறை துரை திரையைப் போட்டால், நாங்கள் எங்கள் தாளை விரிப்போம். இரண்டும் ஒத்து வந்தால் நல்லது. ஒத்து வராவிட்டால் பேச்சு அங்கேயிருந்து தொடங்கட்டும்.